மின்சாரம் எங்கே நின்றது?

வீட்டிலோ கல்லூரியிலோ ஒரு மின்கருவி திடீரென்று நின்றுவிட்டால் நம் வாயிலிருந்து முதலில் வருவது "போய்விட்டது" என்னும் ஒரு சொல்தான். தொலைக்காட்சி போய்விட்டது, கணிப்பொறி போய்விட்டது, மின்விசிறி போய்விட்டது என்கிறோம். எது போயிற்று, எங்கே போயிற்று என்று கேட்பவர் குறைவு. உண்மையில் அக்கருவிகளுள் பல போகவில்லை; அவற்றுக்குப் போய்ச் சேரவேண்டிய மின்சாரம் வழியில் எங்கோ நின்றுவிட்டது. அது நின்ற இடத்தைக் கண்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. எங்கள் துறையின் கணிப்பொறிக் கூடத்தில், செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரத்தில், ஒரு கணிப்பொறி இயங்க மறுத்தது. பொத்தானை அழுத்தினோம், விளக்கும் இல்லை, விசிறியின் ஓசையும் இல்லை. மதர்போர்டு எரிந்திருக்கும் என்றார் ஒருவர். எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும் என்றார் மற்றொருவர். உறையைக் கழற்றி இரண்டு மணி நேரம் உள்ளே ஆராய்ந்தோம். புதிய உதிரிப்பாகத்துக்கு விலையும் விசாரித்தாயிற்று. மாலையில் கூடத்தைப் பூட்ட வந்த உதவியாளர், பக்கத்துக் கணிப்பொறியின் மின்வடத்தைக் கழற்றி இதில் செருகினார். கணிப்பொறி உடனே இயங்கியது! பழைய வடத்தினுள்ளே, பிளக்கின் கழுத்தருகில், ஒரு கம்பி முறிந்திருந்தது. இயற்பியல் படித்த நாங்கள் ஆறு பேர் இரண்டு மணி நேரத்தில் காணாததை அவர் அரை நிமிடத்தில் கண்டார். அவர் சரியான இடத்தில் தொடங்கினார். நாங்கள் தவறான இடத்தில் தொடங்கினோம். வேறுபாடு அவ்வளவே.

மின்சாரம் வரும் வழி

தெருக்கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் மீட்டர், மெயின் ஸ்விட்ச், எம்.சி.பி. ஆகியவற்றைக் கடந்து சுவரிலுள்ள சாக்கெட்டை அடைகிறது. பின்னர் பிளக், மின்வடம், கருவியின் ஸ்விட்ச் ஆகியவற்றின் வழியே கருவியினுள் இருக்கும் மின்வழங்கிக்குச் செல்கிறது. அங்கு வேண்டிய அளவுக்கு மாற்றப்பட்ட பின்னரே கருவியின் ஏனைய உறுப்புகளைச் சென்றடைகிறது. இவ்வழியில் எத்தனை இணைப்புகள் உள்ளனவோ அத்தனை இடங்களிலும் மின்சாரம் நின்றுவிடக் கூடும்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். இந்த அலையின் உச்சியில் அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட் வரை உயர்கிறது. கணிப்பொறியின் எஸ்.எம்.பி.எஸ். வெளியே தரவேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். பழைய வானொலிப் பெட்டிகளில் இவ்வேலையைக் கனமான மின்மாற்றி செய்தது. எஸ்.எம்.பி.எஸ். வேறு முறையைப் பின்பற்றுகிறது. வரும் மின்சாரத்தை முதலில் நேர்த்திசையாக்கி, சுமார் 325 வோல்ட்டில் ஒரு பெரிய மின்தேக்கியில் சேமிக்கிறது. பின்பு அதனை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்து ஒரு சிறு மின்மாற்றிக்கு அனுப்புகிறது. அதிர்வெண் மிகுதியாதலால் மின்மாற்றி சிறிதாக இருந்தாலே போதும். கைப்பேசியின் சார்ஜரும், தொலைக்காட்சியின் மின்வழங்கியும், செட்-டாப் பெட்டியின் அடாப்டரும் இதே இனத்தைச் சேர்ந்தவையே. எனவே ஒன்றை அறிந்தால் ஏனையவற்றையும் ஓரளவு அறிந்ததாகும்.

சுவரில் தொடங்குக

முதல் விதி, சுவரிலிருந்து உள்நோக்கிச் செல்ல வேண்டும் என்பது. நன்றாக எரியும் என்று தெரிந்த மேசை விளக்கு ஒன்றை அந்தச் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். எரியவில்லையெனில் கருவியைத் தொட வேண்டியதே இல்லை.

பலர் இவ்விடத்தில் டெஸ்டரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, "மின்சாரம் வருகிறது" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இது தவறான முடிவாகலாம். ஃபேஸ் கம்பியில் அழுத்தம் உள்ளது என்பதை மட்டுமே டெஸ்டர் கூறும். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வழி சரியாக உள்ளதா என்பதை அது கூறாது. விளக்கு ஒன்று ஸ்விட்ச் போடப்பட்ட நிலையில் எரியாதிருக்க, அதே மின்சுற்றிலுள்ள சாக்கெட்டின் இரு துளைகளிலும் டெஸ்டர் எரியுமானால், நியூட்ரல் கம்பி அறுந்துள்ளது என்று கொள்ளலாம்.

அடுத்து, மல்டிமீட்டரால் அழுத்தத்தை அளக்கலாம். வீட்டு மின்னழுத்தம் குறித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் விலகலாகாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வரையறுத்தன. 230 வோல்ட்டுக்கு இது ஏறத்தாழ 216 முதல் 244 வரை ஆகும். இந்த அளவீட்டை மின்பளு இல்லாதபோது ஒருமுறையும், கிரைண்டரோ தண்ணீர் மோட்டாரோ ஓடும்போது ஒருமுறையும் செய்தல் நலம். பளு ஏறியதும் அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இணைப்பின் தடை அரை ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் சென்றால் அங்கே இழக்கப்படும் அழுத்தம் 5 வோல்ட், அது சிறிது. ஆனால் அங்கே வெளிப்படும் வெப்பமோ 50 வாட். சாக்கெட் கருகுவதும், பிளக் உருகி ஒட்டிக்கொள்வதும் இதனாலேயே. ஆகவே பழுப்பேறிய சாக்கெட்டை அழகுக் குறை என்று எண்ணி விட்டுவிடலாகாது.

நியூட்ரல் கம்பி அறுந்தால்

சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், எங்கள் வீட்டு விளக்குகள் திடீரென்று கண் கூசும்படி எரிந்தன. மின்விசிறி வழக்கத்தினும் வேகமாகச் சுழன்றது. நாங்கள் வியந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுப் பெரியவர், "தம்பி, மெயினை அணை!" என்று தெருவிலிருந்து கூவினார். ஓடிச்சென்று அணைத்தேன். எங்கள் தொலைக்காட்சி பிழைத்தது. அதே வரிசையில் மூன்று வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிகள் அன்று எரிந்துபோயின. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்ததே காரணம்.

இதன் இயற்பியல் எளியது. தெருவில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் செல்கின்றன. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு ஃபேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் வெவ்வேறு ஃபேஸ்களிலுள்ள இரு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடரிணைப்பில் அமைந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. அதன் தடை சுமார் 53 ஓம். மறு வீட்டில் 100 வாட் அளவுக்கே கருவிகள். அவற்றின் தடை சுமார் 529 ஓம். மூன்றாவது ஃபேஸில் பளு ஏதுமில்லை என்று கொள்வோம். தொடரிணைப்பில் அழுத்தம் தடையின் விகிதத்தில் பிரியும் என்பதை நாம் அறிவோம். ஆகவே இஸ்திரிப் பெட்டி உள்ள வீட்டுக்கு 36 வோல்ட்டும், மற்ற வீட்டுக்கு 364 வோல்ட்டும் கிடைக்கின்றன. சிக்கனமாக மின்சாரம் செலவிடும் வீட்டின் மீதே பேரழுத்தம் விழுகிறது!

விளக்குகள் அளவுக்கு மீறி ஒளிர்ந்தாலும், ஓர் அறையில் ஒளி கூடி மற்றோர் அறையில் மங்கினாலும், காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்கலாகாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும், ஆராய்ச்சி பிறகு.

எர்த் கம்பி எங்கே?

கணிப்பொறியின் உலோக உறையில் கை பட்டால் சுரீர் என்று ஓர் உணர்ச்சி உண்டாவதை நம்மில் பலர் அறிவோம். "எல்லாக் கணிப்பொறியும் அப்படித்தான்" என்று பழகியும் விடுகிறோம். இது பழகத்தக்கது அன்று.

எஸ்.எம்.பி.எஸ். உண்டாக்கும் மின் இரைச்சலை வடிப்பதற்காக, ஃபேஸுக்கும் உறைக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கியும், நியூட்ரலுக்கும் உறைக்கும் இடையே மற்றொன்றும் வைக்கப்பட்டுள்ளன. எர்த் கம்பி சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் மண்ணுக்குள் சென்றுவிடும். எர்த் இல்லையெனில், சம அளவுள்ள இரு மின்தேக்கிகளின் நடுப்புள்ளியாகிய உறை, பாதி அழுத்தமாகிய 115 வோல்ட்டில் மிதக்கும். தனி ஒரு கணிப்பொறியின் கசிவு ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு. ஆனால் ஒரு கூடத்தில் 20 கணிப்பொறிகளின் எர்த் கம்பிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, அந்தப் பொதுக்கம்பி மட்டும் மண்ணைச் சேராதிருந்தால் என்ன ஆகும்? ஒன்றின் கசிவு 0.3 மில்லியாம்பியர் என்று கொண்டாலும், தொடுபவர் உடலில் 6 மில்லியாம்பியர் பாயக்கூடும். ஏறத்தாழ 10 மில்லியாம்பியரில் பிடித்த கையை விடுவிக்க இயலாமற் போகலாம். மேலும், அவற்றுள் ஒன்றில் மின்காப்பு பழுதுபட்டால் 20 கணிப்பொறிகளின் உறைகளும் ஒருங்கே 230 வோல்ட்டை அடையும்.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள் ஏனையவற்றைவிட நீளமாகவும் பருமனாகவும் இருப்பது காரணத்தோடுதான். செருகும்போது அது முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். அதனை வெட்டிவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகுவோர் தம் காவலைத் தாமே அகற்றுகின்றனர். எர்த் இணைப்போடு, 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புக்கருவியும் இருத்தல் மிக நன்று.

வடமும் அடாப்டரும்

சுவர் சரி எனில் அடுத்தது வடம். வடம் மடங்கும் இடத்தில், அதாவது பிளக்கின் கழுத்திலும் கருவியில் நுழையும் இடத்திலும், கம்பிகள் உள்ளே முறிகின்றன. மேலுறை முழுமையாகவே தோன்றும். அதே வகையைச் சேர்ந்த நல்ல வடத்தை மாற்றிப் பார்ப்பதே எளிய சோதனை. நீட்டிப்புப் பலகையை நீக்கிவிட்டுச் சுவரிலேயே நேராகச் செருகிப் பார்ப்பது மற்றொரு சோதனை.

அடாப்டர்களில் ஒரு நுட்பம் உண்டு. செட்-டாப் பெட்டி இயங்கவில்லை. அடாப்டரை மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. ஆகவே பெட்டிதான் பழுது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகச் சிறிது. பளு இல்லாதபோது 12 வோல்ட் காட்டும் நோயுற்ற அடாப்டர், பெட்டியை இணைத்ததும் 7 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடலாம். சும்மா நிற்கும் வண்டிமாட்டின் வலிமையை அறிய முடியுமா? பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். அடாப்டரையும் அவ்வாறே பளுவோடு அளக்க வேண்டும். வேறு அடாப்டரை மாற்றும்போது, வோல்ட் சமமாகவும், ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ, முனைகளின் நேர், எதிர்க் குறிகள் ஒத்தும் இருத்தல் வேண்டும்.

கணிப்பொறியின் உள்ளே

இதுவரை எல்லாம் சரி எனில் மட்டுமே உறையைக் கழற்றலாம். அதற்கு முன் வடத்தைப் பிடுங்கிவிட வேண்டும்.

1995இல் அறிமுகமான ஏ.டி.எக்ஸ். அமைப்பில், கணிப்பொறியை அணைத்த பின்னும் எஸ்.எம்.பி.எஸ். ஊதாக் கம்பியில் 5 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். நாம் பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டு பச்சைக் கம்பியைத் தரைமட்ட அழுத்தத்துக்கு இழுக்கிறது, உடனே எஸ்.எம்.பி.எஸ். முழுமையாக இயங்கத் தொடங்குகிறது. மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகின்றன. இவை நிலைபெற்ற பின் சாம்பல் நிறக் கம்பியில் "எல்லாம் சரி" என்னும் குறிப்பை அனுப்புகிறது. அது வராமல் கணிப்பொறி வேலையைத் தொடங்காது. ஆகவே விசிறி சுழல்வதால் மட்டும் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று கூறிவிட முடியாது. இம்மூன்று அழுத்தங்களும் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 12 வோல்ட் எனில் 11.4க்கும் 12.6க்கும் இடையே.

அறிகுறிகளைக் கொண்டு காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். எவ்வித அசைவும் இல்லையெனில் வடம், எஸ்.எம்.பி.எஸ்.இன் பின்புற ஸ்விட்ச், முன்பொத்தானின் கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றால் எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது; வன்தட்டு முதலியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். கனமான வேலை கொடுத்தவுடன் தானே அணைந்து மீண்டும் தொடங்கினால் எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்திருக்கலாம், அல்லது தூசியால் வெப்பம் மிகுந்திருக்கலாம். நாளும் நேரமும் பின்னோக்கிச் சென்றுவிட்டால், மதர்போர்டிலுள்ள சிறு நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது.

இங்கே நினைவிற்கொள்ள வேண்டிய விதி, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்தல். மூன்றை ஒருங்கே மாற்றிக் கருவி இயங்கிவிட்டால், எது பழுது என்பதை நாம் அறியவே மாட்டோம்.

முதுமையடையும் மின்தேக்கி

மின்வழங்கிகளில் முதலில் முதுமையடைவது பெரும்பாலும் மின்பகு திரவம் அடங்கிய மின்தேக்கியே. வெப்பத்தால் அத்திரவம் சிறிது சிறிதாக உலர்கிறது. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக்கணக்கு. மேற்பகுதி உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்புக் கசிவு தெரிந்தாலோ அது பழுதாகிவிட்டது எனலாம். தொலைக்காட்சியில் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டு படம் வராதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டு மின்விசிறியிலும் வேறு வகையைச் சேர்ந்த ஒரு மின்தேக்கி உண்டு. அழுத்தம் சரியாக இருந்தும் விசிறி மெதுவாகச் சுழன்றாலோ, கோலால் தள்ளிவிட்ட பின்னரே ஓடினாலோ, பெரும்பாலும் அந்த மின்தேக்கி தேய்ந்திருக்கும். சிறு செலவில் மாற்றத்தக்க இதற்காகப் புது விசிறி வாங்கியவர்களும் உண்டு.

யு.பி.எஸ். என்னும் காவலன்

மின்தடை ஏற்பட்ட உடனே கணிப்பொறியும் அணைந்தால் யு.பி.எஸ்.ஐக் குறை கூறுகிறோம். கணிப்பொறிக்குப் பதிலாக 40 வாட் இழைபல்பு ஒன்றை அதில் இணைத்து, சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். பல்பு உடனே அணைந்தாலோ சில நிமிடங்களில் மங்கினாலோ மின்கலம் வலுவிழந்துள்ளது. பல்பு நன்றாக எரிந்தும், கணிப்பொறி மட்டும் அணையுமானால் இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பளு மிகுதி. 600 வோல்ட்-ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதால் 600 வாட் கிடைக்கும் என்று எண்ணலாகாது, அவற்றுள் பல 360 வாட்டுக்கே உரியவை. மற்றொன்று, எஸ்.எம்.பி.எஸ்.இன் முதுமை. யு.பி.எஸ். மின்கலத்துக்கு மாறச் சில மில்லி விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்குவது எஸ்.எம்.பி.எஸ்.இன் பெரிய மின்தேக்கி. நல்ல நிலையில் அது சுமார் 16 மில்லி விநாடி தாங்கும். அது தேய்ந்திருந்தால் யு.பி.எஸ். நன்றாக இருந்தும் கணிப்பொறி அணையும். குற்றம் ஒன்றினது, பழி மற்றொன்றுக்கு!

எங்கே நிறுத்த வேண்டும்?

கண்டறிதல் வேறு, பழுதுநீக்கல் வேறு. எஸ்.எம்.பி.எஸ்.இன் பெட்டியை மாணவர் திறத்தலாகாது. வடத்தைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். மைக்ரோவேவ் அடுப்பினுள் 2000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. அது உயிரைக் குடிக்கும். உப்பிய கைப்பேசி மின்கலத்தை அழுத்துவதும் குத்துவதும் தீயை வரவழைப்பதாகும். எம்.சி.பி. மீண்டும் மீண்டும் விழுந்தால் அதனை வலிந்து தூக்கி நிறுத்தலாகாது. ஃபியூஸ் அடிக்கடி எரிந்தால் பருமனான கம்பியைக் கட்டலாகாது. அவை நம்மை எச்சரிக்கின்றன. எச்சரிப்பவர் வாயை அடைப்பதால் ஆபத்து நீங்கிவிடாது.

முடிவுரை

நோய் எது, அதன் மூலம் எது என்று ஆராய்ந்து தெளிந்த பின்னரே மருத்துவத்தைத் தொடங்க வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு முறை வகுத்தார். கருவிகளுக்கும் அம்முறை பொருந்தும்.

முன்னர்க் கூறிய நிகழ்ச்சிக்குப் பின், எங்கள் கூடத்தின் மூலையில் "பழுது" என்று எழுதி ஒதுக்கப்பட்டிருந்த நான்கு கணிப்பொறிகளை இம்முறைப்படி சுவரிலிருந்து தொடங்கி ஆராய்ந்தோம். ஒன்றுக்கு வேண்டியிருந்தது 3 வோல்ட் மின்கலம். ஒன்றில் முன்பொத்தானின் கம்பி கழன்றிருந்தது. ஒன்றுக்கு எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டியிருந்தது. நான்காவது ஒன்றே உண்மையில் மதர்போர்டு எரிந்தது. மூன்று கணிப்பொறிகள் மாணவர் மேசைக்குத் திரும்பின. வீட்டில் கணிப்பொறி இல்லாத மாணவர்களே நம்மில் மிகுதி. அவர்களுக்கு அம்மூன்று இருக்கைகளின் மதிப்பு என்ன என்பதைச் செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் வரிசையில் காத்து நின்றவர்கள் அறிவார்கள்.

எனவே அடுத்த முறை ஒரு கருவி நின்றுவிட்டால், "போய்விட்டது" என்று சொல்வதற்கு முன், மின்சாரம் எங்கே நின்றது என்று கேளுங்கள். விடையைச் சுவரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.